பந்தல்காரரின் பில்லும் டீசல்காரரின் பில்லும்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023 பெப்ரவரி 4 ஆம் திகதி இலங்கை தன் 75 ஆவது சுதந்திர தினத்தைக் கொழும்பு காலிமுகத்திடலில் கொண்டாடியது. அதற்கு ஒதுக்கிய காசு 200 மில்லியன் ரூபா, அதாவது இருபது கோடி. நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 22 மில்லியன். ஆளுக்கு ஒன்பது ரூபா வருகிறது. அந்த நாளில் எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ முப்பது ரூபா. அதே வருடத்தில் சுகாதாரத்துக்கான ஒதுக்கீடு முந்நூறு பில்லியனுக்கு மேல். விழாவை அடியோடு நிறுத்தி, அந்தக் காசை அப்படியே ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருந்தாலும் ஆறு மணித்தியாலச் செலவுக்குக் கூடச் சரியாகக் காணாது.

விழாவை ஆதரிப்பவர்கள் எப்போதும் இந்தக் கணக்கைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கணக்கில் பிழையில்லை. உழைத்த காலம் முழுக்க மாகாண சுகாதாரத் துறையின் கணக்குக் கிளையில் வவுச்சர் பார்த்தவன் நான்; கூட்டல் கழித்தலில் சண்டை பிடிக்க மாட்டேன். எதிர்ப்பவர்கள் முகநூலில் போடும் கணக்குத்தான் பல நேரம் இடறும். "இந்தக் காசில் நாட்டில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் மருந்து வாங்கலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். வாங்க முடியாது. அப்படி எழுதினால் எதிர்ப்பக்கத்துக்காரர் மேலே சொன்ன கணக்கைக் காட்டி ஒரே வரியில் வாயை மூடிவிடுவார்.

எனக்குத் தொகையில் அவ்வளவு கோபமில்லை. என் கோபம் திகதியில்.

அதைச் சொல்வதென்றால் அரசாங்கக் காசு எப்படி நடமாடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அலுப்பான விஷயம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் நிறைவேறினால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஒதுக்கீடு கிடைக்கும். அது கடதாசியில் இருக்கும் காசு. அதைக் காட்டிக் கடையில் ஒரு பெட்டி நெருப்புக்குச்சி கூட வாங்க முடியாது. உண்மையான காசு கட்டுநிதியாகத்தான் வரும். திறைசேரி மாதாமாதம் விடுவிக்கும். ஒதுக்கீடு பத்து ரூபா என்றால் கட்டுநிதியும் பத்து ரூபா வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நல்ல காலத்தில் எட்டோ ஒன்பதோ வரும். கெட்ட காலத்தில் மூன்று வரும். மூன்று வந்தால் சம்பளம் முதலில், ஓய்வூதியமும் அதோடு போகும், மிச்சத்தைப் பங்கிட வேண்டும். யாருக்கு இந்த மாதம், யாருக்கு அடுத்த மாதம் என்று தீர்மானிக்கும் இடம் கணக்காளரின் மேசை. அந்த மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது.

காசு வராத பில்கள் எங்கே இருக்கும் தெரியுமா? மேசை லாச்சிக்குள். சான்றுப்படுத்தி, கையெழுத்து வைத்து, இலக்கம் போட்டு, எல்லாம் சரியாக இருக்கும். நோயாளருக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒப்பந்தக்காரரின் பில், ஜெனரேட்டருக்கு டீசல் அடித்த பில், துணி வெளுத்த பில், துப்புரவுக் கம்பனியின் பில், ஒக்சிசன் சிலிண்டர் ஏற்றி இறக்கிய லொறிக் கூலி. இவர்கள் எல்லோரும் மாதக் கடைசியில் வருவார்கள். வாசலில் நின்று, "சேர், இந்த மாசம் வருமோ?" என்பார்கள். சாப்பாட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். அவர் கொஞ்சம் உள்ளே வந்து மெதுவாகச் சொல்லுவார்: "அண்ணை, மரக்கறிக் கடைக்காரன் இனிக் கடன் தாறானில்லை. நான் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டை நிப்பாட்டட்டோ?" நிப்பாட்ட மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கணக்காளருக்கும் தெரியும். வார்ட்டில் படுத்திருப்பவன் அவருடைய ஊர்க்காரன். அந்தத் தைரியத்தில்தான் அவருடைய பில் லாச்சிக்குள் கிடக்கிறது. பொதுச் சேவையின் பில்கள் பிந்துவதற்குக் காசில்லாதது பாதிக் காரணம். சேவை செய்பவன் விட்டுவிட்டுப் போகமாட்டான் என்ற நம்பிக்கை மற்றப் பாதி.

இப்போது விழாவுக்கு வருகிறேன். கொழும்பு விழாவை விடுங்கள், எங்கள் மட்டத்திலேயே பார்க்கலாம். ஒரு தடவை ஒரு வைத்தியசாலையில் புதுக் கட்டடம் திறந்தார்கள். பெயர் வேண்டாம். கட்டடம் தேவையானதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் திறப்பு விழாவின் கோப்பு எங்கள் கிளைக்கு வந்தபோது அதன் மேல் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதியிருந்தது. பந்தல், கதிரை, சவுண்ட்ஸ், வாழைமரம், மாலை, பொன்னாடை, பித்தளைக் குத்துவிளக்கு, பெயர்ப்பலகைக் கல், கல்லை மூடும் திரைச்சீலை, வீடியோ, நூறு பேருக்கு வடையும் கேக்கும். திரைச்சீலைக்குத் தனி பில். அத்தனையும் விழா முடிந்த வாரத்திலேயே செட்டில் ஆகிவிட்டன. அதே லாச்சிக்குள் அதே வைத்தியசாலையின் டீசல் பில் அதற்கும் முந்தின காலாண்டிலிருந்து கிடந்தது. யாரும் களவெடுக்கவில்லை. எல்லாம் அரசாங்கத்தின் நிதிப் பிரமாண விதிகளுக்கு உட்பட்டுத்தான் நடந்தது. கணக்காய்வாளர் வந்து பார்த்தாலும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பில் வரிசையில் நின்றது, மற்றது வரிசையைக் கடந்து போனது.

காரணம் எளிது. விழாவுக்குத் திகதி இருக்கிறது, அமைச்சரின் நாட்குறிப்பில் எழுதியாகிவிட்டது, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. பந்தல்காரர் அன்று காலை வராவிட்டால் அன்றே அவமானம். டீசல் இன்றைக்கு வராவிட்டால்? நாளைக்கு வரும். நாளைக்கும் வராவிட்டால் மின்வெட்டு நேரத்தில் சத்திரசிகிச்சை வைக்காமல் சமாளிப்பார்கள். சமாளிக்கக்கூடியது எதுவோ அது பிந்தும்.

இன்னொன்றும் உண்டு. விழாவுக்கு இவ்வளவு செலவு என்று அறிவிக்கும் தொகையை நான் ஒருநாளும் முழுத் தொகையாக எடுத்துக்கொள்வதில்லை. மாவட்ட மட்டத்தில் சுதந்திர தினம் நடந்தால் ஒவ்வொரு திணைக்களமும் வாகனம் அனுப்பும், எரிபொருள் அதனதன் கணக்கில் போகும், ஊழியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு அதனதன் சம்பளத் தலைப்பில் போகும். ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சோடா வாங்கிய காசு யாரோ ஓர் அதிபரின் சில்லறைக் காசிலிருந்து போயிருக்கும். இதையெல்லாம் கூட்டி ஒரே இடத்தில் எழுதும் கணக்குப் புத்தகம் எங்கேயும் இல்லை.

சரி, 2023 க்கு வருவோம். அந்த வருடத்தின் முதல் மூன்று மாதத்தை மறக்க முடியாது. நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது 2022 ஏப்ரலில். அதற்கு முந்தின மாதமே பேராதனை வைத்தியசாலையில் மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி, அந்தச் செய்தியைப் பார்த்து இந்திய வெளிவிவகார அமைச்சர் உதவுகிறோம் என்று ட்விட்டரில் எழுதும் அளவுக்குப் போயிருந்தது. மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு அரிசி, பால்மா, மருந்து ஏற்றிக் கப்பல் அனுப்பியது. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. 2023 தை பிறந்தபோது பெற்றோல் வரிசை குறைந்து, கியூஆர் கோட் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் கோட்டாவுக்கு வந்திருந்தோம், ஆனால் மருந்துத் தட்டுப்பாடு அப்படியே இருந்தது. நாட்டுக்கு வேண்டிய மருந்தில் எண்பது வீதத்துக்கு மேல் இறக்குமதி. டொலர் இல்லை என்றால் மருந்து இல்லை. கிளினிக்குக்குப் போனவர்கள் கையில் மருந்துக்குப் பதிலாகத் துண்டோடு வெளியே வந்தார்கள். வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய துண்டு. பார்மசிக்குப் போனால், ஒரு மாத மருந்தில் ஒரு கிழமைக்குரியதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். என் மூத்த அக்காவும் அப்படித்தான் பிறஷர் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா. கேட்டதற்கு, "கூடினா நீ இருக்கிறாய்தானே" என்றா. என்னிடம் என்ன இருக்கிறது, ஓய்வூதியத்தைத் தவிர.

ஜனவரி 23 இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம் மின்வெட்டு. பிள்ளைகளுக்குச் சோதனை முடியும்வரையாவது நிறுத்துங்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டு, அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த நாட்களில்தான் கொழும்பில் அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்தது. பெப்ரவரி 4 காலை படையினர் நடந்தார்கள், கடலில் கப்பல்கள் போயின, வானத்தில் விமானங்கள் பறந்தன. முந்தின வருடம் இளைஞர்கள் கூடாரம் அடித்து, "கோட்டா கோ கம" என்று பெயர் வைத்து, ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடவைத்த அதே காலிமுகத்திடல். பௌத்த பிக்குகளிலும் கத்தோலிக்கக் குருமாரிலும் பலர் விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்திருந்தார்கள். சிங்களப் பகுதியிலேயே இப்படி ஒரு கசப்பு எழுந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

வடக்கு கிழக்கில் அன்று ஹர்த்தால். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டக்களப்பை நோக்கி ஊர்வலம் புறப்பட்டார்கள். எங்களுக்கு இந்த நாளைப் பற்றிய பேச்சு பணத்தில் தொடங்குவதில்லை. என் பெரியப்பா 1948 இல் பள்ளிப் பிள்ளை. கொடியும் ஒரு பை இனிப்பும் தந்தார்கள் என்பதைச் சாகும்வரை சொல்லுவார். அந்த வருடம் முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத்தில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுவார். தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா கூடாதா என்பதற்கே 2016 இல் ஒரு சண்டை, 2020 இல் இன்னொரு சண்டை. அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே நான் சொல்ல வந்தது எந்த இனத்தானுக்கும் பொருந்தும் விஷயம்.

அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க விழாவுக்குச் சொன்ன நியாயம் நினைவிருக்கிறதா? கொண்டாடாமல் விட்டால், சுதந்திர தினத்தைக் கூடக் கொண்டாட முடியாத நாடு என்று உலகம் சொல்லும் என்பது அதன் சாரம். இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. வங்குரோத்தான நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தி நிற்கும்போது, கதவு திறந்திருக்கிறது, ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு தேவை இருக்கத்தான் செய்யும். கடைக்காரன் கடனில் மூழ்கினாலும் காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டுகிறான் இல்லையா. நாணய நிதியம் அந்த மார்ச் 20 இல் ஏறக்குறைய மூன்று பில்லியன் டொலருக்கு ஒப்புதல் கொடுத்தது. அணிவகுப்பைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் உலகம் என்ன சொல்லும் என்ற அந்த அக்கறை அடுத்த மாதமே எங்கே போனது?

அடுத்த மாதம், மார்ச் 9 ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல். பிரதேச சபைகள், நகர சபைகள், மாநகர சபைகள். வேட்புமனு வாங்கியாகிவிட்டது, கட்டுப்பணம் கட்டியாகிவிட்டது, திகதியும் அறிவித்தாகிவிட்டது. அந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அதற்குப் பத்து பில்லியன் ரூபா ஒதுக்கியும் இருந்தார்கள். காசை விடுவிக்க முடியாது என்றது திறைசேரி. வாக்குச்சீட்டு அச்சிடக் காசில்லை, தேர்தல் தள்ளிப்போனது. நான் மேலே சொன்ன ஒதுக்கீட்டுக்கும் கட்டுநிதிக்கும் உள்ள வித்தியாசத்தை நாடு முழுக்கப் பாடமாகப் படித்தது அப்போதுதான். கடதாசியில் பத்து பில்லியன். கையில் ஒன்றுமில்லை.

தேர்தல் செலவு விழாச் செலவைப்போல ஐம்பது மடங்கு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். தொகையை ஒப்பிடவில்லை. ஐந்து கிழமை இடைவெளியில் இரண்டு திகதிகள் வந்தன. ஒன்றை அசைக்க முடியாது என்றார்கள், மற்றதை அசைத்தார்கள். அசைத்தது சனங்களுக்குச் சட்டப்படி உரிய திகதியை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம், அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டதன் மூலம் நிதியமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. தேர்தல் கடைசியில் 2025 மே 6 இல் நடந்தது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்று முறையிட, இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் ஊரில் தெரிவான உறுப்பினர் ஒருவர் கூட இல்லை. சபையின் செயலாளரிடம் போனோம். அவர் நல்ல மனிசன், ஆனால் அவரிடமும் ஒரு லாச்சி இருந்தது. (வடமாகாண சபையின் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். அதற்கு இன்னும் தேர்தல் இல்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.)

இப்போதைய அரசாங்கம் 2025 இல் சுதந்திர சதுக்கத்தில் விழாவைச் சுருக்கமாக நடத்தியது. கவச வாகனங்கள் இல்லை, படையினரின் எண்ணிக்கையும் குறைவு, விமானங்களும் சிலதான். நல்லது. நண்பர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பலமாக இல்லை. மிச்சம் பிடித்த காசு லாச்சிக்குள் கிடக்கும் டீசல் பில்லுக்கு வரும் என்று நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கணக்கு தெரியாது. ஒரு தலைப்பில் செலவழியாத காசு இன்னொரு தலைப்புக்குத் தானாக நடந்து போகாது. விழாவைச் சிறிதாக்குவது நல்ல பழக்கம், அவ்வளவுதான். வரிசை மாறாதவரை சின்னப் பந்தலின் பில்லும் பெரிய டீசல் பில்லைக் கடந்துதான் போகும்.

எனக்கு விழாவே வேண்டாம் என்றில்லை. சின்னப் பிள்ளைகள் வெயிலில் நின்றாலும் கொடியைப் பார்த்துக் கண் விரிவார்கள், பாண்ட் வாத்தியம் கேட்டால் எனக்கே கால் தாளம் போடும். நான் கேட்பது ஒன்றுதான். விழா பில்லும் வரிசையில் நிற்கட்டும். எந்த பில் முதலில் வந்ததோ அதற்கு முதலில் காசு, அது பந்தலாக இருந்தாலும் சரி, பாணாக இருந்தாலும் சரி. இதைக் கிளையில் என்னோடு வேலை செய்த ஒரு தம்பியிடம் சொன்னேன். இப்போது அவன் அதே மேசையில் இருக்கிறான். "அண்ணை, அப்பிடிச் செய்தா அடுத்த வருசம் சவுண்ட்ஸ்காரன் மைக் தரமாட்டான்" என்றான். "சாப்பாட்டுக்காரன் மட்டும் தரோணுமோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஃபைலைப் பார்க்கத் தொடங்கினான்.

ஆகவே இந்த முறை சும்மா புலம்பாமல் ஒரு வேலை செய்யப் போகிறேன். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால், தருவதா மறுப்பதா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் கடைசியாக நடந்த சுதந்திர தின நிகழ்வைப் பற்றிக் கேட்கப் போகிறேன். மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு பில்லும் கையளிக்கப்பட்ட திகதி, காசு கொடுக்கப்பட்ட திகதி, இந்த இரண்டும் போதும். அதே மூன்று மாதத்தில் மாவட்டத்து வைத்தியசாலைகளின் உணவு, டீசல், துப்புரவு பில்களுக்கும் அதே இரண்டு திகதிகள். அதை இன்னொரு அலுவலகத்தில் கேட்க வேண்டும், ஆகவே விண்ணப்பம் இரண்டு. முதலாவதை எழுதிவிட்டேன். இரண்டாவதில் எந்தெந்த வைத்தியசாலைகளைச் சேர்ப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாவட்டத்திலும் யாராவது கேட்டால் சொல்லுங்கள், திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.